ஆளில்லாத குடம்

முந்தின வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கழுத்தில் மாலை விழுந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் மாலை. சம்பங்கி. பிடரி அரித்தது. கழற்றலாமா, கூடாதா? தெரியவில்லை. பக்கத்து நாற்காலியில் ஹெட்மாஸ்டர் இருந்தார். அவர் தன் மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். நானும் வைத்தேன்.

பென்னாகரத்துக்கும் ஏரியூருக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே ஒரு நடுநிலைப்பள்ளி. எட்டாவது வரை உண்டு. அதன் ஆண்டு விழா. பரிசு கொடுக்க ஒரு பெரிய மனிதர் வேண்டும். டாக்டரைக் கூப்பிடலாம். தாசில்தாரைக் கூப்பிடலாம். தண்ணி லாரி டிரைவரை யாராவது கூப்பிடுவார்களா?

கூப்பிட்டார்கள். போனேன்.

மைக்கைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். பத்திரிகையில் இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும்... எழுதுவதற்கே எனக்கு மூச்சு வாங்கும். எழுதினதைப் பிழை பார்த்துக் கொடுப்பது என் வீட்டுக்காரி. அவள் எஸ்.எஸ்.எல்.சி. நான் ஐந்தாவது. பேச்சு எழுத்தைவிட மோசம். எழுந்து நின்றேன்.

"எல்லாரும் நல்லா இருங்க. தண்ணியச் சிந்தாதீங்க."

உட்கார்ந்துவிட்டேன். கைதட்டல் நிற்க ரொம்ப நேரம் ஆனது. பேச்சு சின்னதாக இருந்தால் ஜனங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்!

சரி. லாரி டிரைவருக்கு மாலை எதற்கு? அதைச் சொல்ல ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

போன ஆடியில் மழை இல்லை. அதற்கு முந்தின வருஷமும் இல்லை. கிணறுகளில் கயிறு எட்டவில்லை. பிறகு கயிறு எட்டியது, தண்ணி இல்லை. ஆவணி மாசம் டேங்கர் லாரி விட்டார்கள். சாவி என் கையில் வந்தது.

திங்கள், புதன், வெள்ளி இந்தப் பக்கம். மற்ற நாள் வேறு பக்கம். விடிந்ததும் போர்வெல் மோட்டாருக்குக் கரண்ட் வரும். லாரி நிறைப்பேன். முதல் ஊருக்கு ஏழரை மணி. திரும்பி வந்து நிறைத்து இரண்டாவது ஊருக்கு ஒன்பது. மூன்றாவது நடைதான் இந்த ஊர். பத்தரை ஆகிவிடும். புளியமரத் திருப்பத்தில் ஹாரன் அடிப்பேன். ஊரே எழுந்து நிற்கும்.

ஊர் என்றால் யார்? அங்கேதான் விஷயம்.

ஆரம்பத்தில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு ஜனங்கள் போய்விடுவார்கள். குடம்தான் ஆள். ஒரு நாள் கெங்கம்மாவின் குடத்தை யாரோ பின்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். கெங்கம்மா யார் என்று சொல்ல வேண்டும். பெட்டிக்கடை வைத்திருக்கிற அம்மா. வீட்டில் கன்னடம், கடையில் தமிழ், சண்டையில் இரண்டும். தனி ஆள். என்னைவிட உயரம். அன்றைக்கு நாலு குடம் உடைந்தது. இரண்டு பேர் கொண்டை அவிழ்ந்தது.

மறுநாள் ஊர் கூடி ஒரு சட்டம் போட்டது. ஆளில்லாத குடம் செல்லாது. எந்த வீட்டுக் குடமோ அந்த வீட்டு ஆள் ஒருவர், குடத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குடம் கடைசிக்குப் போகும்.

நல்ல சட்டம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் சண்டை இல்லை. வரிசை நூல் பிடித்தது மாதிரி நிற்கும்.

நின்றது யார்? அம்மாக்கள் இல்லை. அவர்கள் பஞ்ச நிவாரண வேலைக்கு ஏரியில் மண் சுமக்கப் போய்விட்டார்கள். வீட்டுக்கு ஒருத்தருக்குத்தான் வேலை. அப்பாக்கள்? இருந்தார்கள். புளியமரத்தடியிலேயே இருந்தார்கள். கோடு கிழித்து ஆடுபுலி ஆடிக்கொண்டிருந்தார்கள். உழ நிலத்தில் ஈரமில்லை, என்ன செய்வது? ஆண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

நின்றது பெண் பிள்ளைகள். பத்து வயசிலிருந்து பதினாலு வரை. இருபது பேருக்கு மேல். எட்டு மணிக்கே வந்து நிற்பார்கள். நான் எப்போது வருவேன் என்று எனக்கே நிச்சயம் கிடையாது. கரண்டைப் பொறுத்தது.

நான் என்ன செய்தேன்? ஹோஸைக் கையில் கொடுத்துவிட்டு மரத்தடிக்குப் போவேன். டேங்க் காலியாகும் வரை இரண்டு ஆட்டம். பெரும்பாலும் எனக்கு ஆடு கிடைக்கும். தோற்பேன். கிளம்பும்போது பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பேன். "நல்ல பிள்ளைங்க, என்னா ஒழுக்கம்!" என்று மெச்சுவேன்.

மூன்று மாசம் மெச்சினேன்.

வரிசையில் எப்போதும் முதலில் நிற்பது மல்லிகா. எட்டாவது படிக்கிற பெண். பதின்மூன்று வயசு. ஆடுபுலியில் என்னை எப்போதும் தோற்கடிக்கிற மாதப்பனின் மகள். அவள் குடம் பச்சைக் குடம். கழுத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள். கார்த்திகை மாசம் ஒரு நாள் கேட்டேன்.

"என்னாம்மா இது, டிசைனா?"

"இல்லீங்க மாமா. லீவு."

"லீவா?"

"நான் போடாத லீவு. நீங்க வர நாளெல்லாம் தண்ணி ஊத்தி முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுது. எனக்கு லீவுதானுங்களே. ஒரு நாளைக்கு ஒரு கோடு. காம்பஸ் முள்ளுல போட்டது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எண்ணினேன். முப்பது.

அந்த நேரம் பார்த்து வால்வு ஒழுகியது. அதைப் பார்க்கப் போய்விட்டேன். ஒழுகல் நின்றது. முப்பது நிற்கவில்லை.

அடுத்த நடைக்கு ஊருக்குள் நுழையும்போது நடு ரோட்டில் ஒரு குடை. பிரேக் போட்டேன். குடைக்கடியில் மும்தாஜ் டீச்சர். தருமபுரியிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவர். சின்ன உருவம். லாரி பம்பர் உயரம்தான் இருப்பார். நகரவில்லை.

"டிரைவர், எறங்குங்க."

"டீச்சரம்மா, தண்ணி..."

"அஞ்சு நிமிஷம் தண்ணி நிக்கும். எறங்குங்க."

இறங்கினேன். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பழைய ஓட்டுக் கட்டடம். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் ஒரே ஹாலில். ஒரு பக்கம் பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இன்னொரு பக்கம் பாய். பாய் மட்டும்.

"இங்க உக்கார்ற பிள்ளைங்களை யாரு கூட்டிட்டுப் போனாங்க தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நீங்கதான்."

குனிந்து பாயைப் பார்த்தேன்.

"செவ்வாயும் வியாழனும் வருதுங்க. திங்கக்கிழமை போட்ட கணக்கு செவ்வாக்கிழமை எப்படிப் புரியும்? மல்லிகாவுக்கு நாள் பத்தாது. இனி ஒரு நாள் லீவு போட்டாலும் பரீட்சை எழுத முடியாதுங்கறார் ஹெட்மாஸ்டர். பரீட்சை எழுதலைன்னா அவங்கப்பா கல்யாணம்னு நிக்கறாரு. பெங்களூர்ல அத்தை மகன். சென்ட்ரிங் வேலை. தையில பொண்ணு பாக்க வராங்களாம்."

"பதிமூணு வயசுங்களே?"

"வூட்ல ஒரு வாய் குறையும்ல? பஞ்ச காலம்."

அன்றைக்கு நான் மரத்தடிக்குப் போகவில்லை. லாரி படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

யோசித்தால் விளங்குகிறது. பஞ்சம் வந்தாலும் சரி, வெள்ளம் வந்தாலும் சரி, ஊருக்கு ஊர் அடித்துக்கொண்டாலும் சரி — ஒரு வீடு முதலில் எதை நிறுத்துகிறது? பெண் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை. யாரும் கெட்ட மனசோடு செய்வதில்லை. 'அவ சும்மாதானே இருக்கா' என்கிறார்கள். படிப்பது அவர்கள் கணக்கில் சும்மா இருப்பது. அதோடு, நிறுத்துகிறவர்களுக்குத் தாங்கள்தான் நிறுத்துகிறோம் என்பதே தெரியாது. தண்ணி கொண்டு வந்தவன் நான். புண்ணியம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, தப்பு தெரிந்தது. திருத்த வேண்டும். எனக்குத் தெரிந்தது வண்டி ஓட்டுவது. நடையை மாற்றினேன். திங்கட்கிழமை இந்த ஊருக்கு முதலில் வந்தேன். ஏழரை மணி. பிள்ளைகள் தண்ணி பிடித்து வீட்டில் ஊற்றிவிட்டு, ஒன்பதரை மணிக்குப் பையோடு ஓடினார்கள். மல்லிகா போகிற போக்கில் கை காட்டினாள். எனக்கு ஒரு மிதப்பு. பாட்டுக்கூட வந்தது வாயில்.

அன்றைக்கு மிதப்பில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. புதன்கிழமை மிதப்பு இறங்கியது.

முதலில் போகிற ஊருக்கு இப்போது மூன்றாவதாகப் போகிறேன் அல்லவா? பத்தரை மணி. அங்கேயும் குடம். அங்கேயும் வரிசை. அங்கேயும் நீலப் பாவாடை வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள், புத்தகப் பையை முதுகில் மாட்டியபடி நிற்கிறார்கள். முகம்தான் வேறு.

ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து இன்னொன்றை மூடியிருக்கிறேன். கெட்டிக்காரன்!

வெள்ளிக்கிழமை பழைய நடைக்கே திரும்பினேன். இந்த ஊரில் மறுபடி பத்தரை. மறுபடி வரிசை. மல்லிகா குடத்தைத் திருப்பிப் பிடித்துக் காட்டினாள். முப்பத்திரண்டாவது கோடு இன்னும் போடவில்லை. காம்பஸைக் கையில் வைத்திருந்தாள்.

"போடாதம்மா" என்றேன். "சாயங்காலம் வரைக்கும் பொறு. டீச்சரம்மாவக் கூட்டிட்டு வா."

டீச்சர் வந்தார். கூடவே ஹெட்மாஸ்டரும் வந்தார். எதற்கும் விதி பார்க்கிற மனிதர். நடந்ததைச் சொன்னேன். எந்த ஊர் முதலில் என்றாலும் ஒரு ஊர் பத்தரைக்கு மாட்டும். என்ன செய்வது?

மூன்று பெரியவர்கள் நின்று யோசித்தோம். ஒன்றும் வரவில்லை.

மல்லிகா சொன்னாள். "நாங்க குடத்துக்கிட்ட வரதுக்குப் பதிலா, குடம் பள்ளிக்கூடத்துக்கு வந்தா என்னாங்க மாமா?"

"எப்படி?"

"செவுத்தோரமா வரிசை வெக்கலாம். ஜன்னல் தாழ்வாத்தானே இருக்கு, தரையில உக்காந்தாலே வெளிய தெரியும். குடத்தைப் பாத்துக்கிட்டேதானே இருப்போம்? சட்டப்படி சரிதானுங்களே?"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதி பேசுகிற பிள்ளை அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. "பாடத்துக்கு இடைஞ்சல் இல்லாம இருந்தா... பாக்கலாம்" என்றார். அன்றைக்கு மட்டும் அவள் ஹாஜரைப் பத்து நிமிஷம் தாமதமாக வந்ததாக எழுதிக்கொண்டார். பத்து நிமிஷமா, ஆறு மணி நேரமா என்று யாரும் கேட்கவில்லை.

ஊரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். மரத்தடியில் ஆடுபுலி நிறுத்தப்பட்டது. ஆண்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு என்ன? எங்கே வைத்தாலும் அவர்கள் நிற்கப்போவதில்லை. கெங்கம்மாதான் எழுந்தாள்.

"ஜன்னல்ல இருந்து பாக்கறதெல்லாம் பாக்கறதா? டீச்சர் போர்டுல எழுதினா பிள்ளைங்க போர்டப் பாக்கும். எவளாவது என் குடத்தப் பின்னால தள்ளுவா. எனக்கு ஏது பிள்ளை, ஜன்னல்ல உக்கார?"

"உங்க குடத்தையும் நானே பாத்துக்கறேன் ஆயா" என்றாள் மல்லிகா.

"யாருடி ஆயா? அக்கான்னு கூப்புடு."

ஒரு வாரம் பார்ப்போம் என்று முடிவானது.

திங்கட்கிழமை. பள்ளிக்கூடச் சுவரோரம் குடங்கள். பச்சை, நீலம், பித்தளை, மண். உள்ளே ஜன்னல் பக்கம் பாயில் பெண் பிள்ளைகள். நான் அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டேன். வேப்பமரத்தடியில் லாரியை நிறுத்தினேன். ஹாரன் அடிக்கப் போனேன். கெங்கம்மா உதட்டில் விரல் வைத்துச் சைகை காட்டினாள்.

குனிந்தாள். சுவரோடு சுவராக, பூனை மாதிரி நடந்தாள். அந்த உயரத்துக்கு அது சுலபமில்லை. வரிசையில் ஏழாவது குடத்தை மெதுவாக எடுத்து, ஒன்பதாவது இடத்தில் வைக்கப் போனாள்.

உள்ளே ஹெட்மாஸ்டர் அசோகர் மரம் நட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏய்ய்ய்!"

இருபது தொண்டை. ஒரே நேரத்தில். ஓட்டிலிருந்து புறா பறந்தது. ஹெட்மாஸ்டர் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்து இரண்டாக உடைந்தது. பையன்கள் நில நடுக்கம் என்று நினைத்து வாசலுக்கு ஓடினார்கள்.

"அது சரோஜா குடம்! ஏழாவது!"

"கெங்கம்மாக்கா, கைய எடுங்க!"

"நாங்க பாத்துட்டோம்!"

கெங்கம்மா குடத்தோடு அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணி வந்தது. அந்த ஊரில் அந்த வருஷம் வீணாகப் போன தண்ணி அது ஒன்றுதான்.

"அய்யோ தேவரே! போலீஸ் ஸ்டேஷன விட இது மேலு!" என்றாள் பாதி கன்னடத்தில். "நான் ஒத்துக்கிட்டேன். வெய்யிங்க குடத்தை."

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. ஹாரன் கேட்டதும் ஹெட்மாஸ்டர் மணி அடிப்பார். பதினைந்து நிமிஷம். தண்ணி பீரியடு. டைம்டேபிளிலேயே எழுதி ஒட்டிவிட்டார். விதிப்படி இருக்க வேண்டுமாம். மும்தாஜ் டீச்சர் ஒரு விதி சேர்த்தார். ஹோஸ் பிடிப்பதும் குடம் நகர்த்துவதும் பையன்கள் வேலை. முதல் நாள் பையன்கள் முகம் கோணியது. மூன்றாம் நாள் ஹோஸுக்கு அடிதடி. நிறைந்த குடங்கள் துணி மூடிச் சுவரோரம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு மணியில் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அதுவரை பார்த்துக்கொள்ளக் கெங்கம்மா பெட்டிக்கடையை வேப்பமரத்தடிக்கே கொண்டுவந்துவிட்டாள். காவலும் ஆச்சு, வியாபாரமும் ஆச்சு.

நானும் ஆடுபுலிக்குப் போகவில்லை. ஜன்னலோரம் நின்று பாடம் கேட்பேன். அசோகருக்கு அப்புறம் யார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

தை பிறந்தது. பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். அத்தை, அத்தை மகன், இரண்டு தட்டுப் பழம். வந்தது வியாழக்கிழமை. மல்லிகா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சாயங்காலம்தான் வருவாள் என்றதும் காத்திருந்தார்களாம். பையன் நல்ல பையன்தானாம். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க மாமா" என்றானாம். அத்தைக்குத்தான் அவசரம். மாதப்பன் பிடி கொடுக்காமல் பேசி அனுப்பினார்.

"பரீட்சைக்குப் பேரு இருக்குன்றாங்க. பேர அடிச்சிட்டாங்கன்னா சித்திரையில முடிச்சிரலாம். இல்லாட்டி அப்பறம் பாப்பம்."

ஆக, எல்லாம் ஹாஜர் புத்தகத்தில் தொங்கியது. ஒரு நாள் தவறினால் போதும்.

அந்த நாள் வந்தது. என்னால்தான் வந்தது.

தை கடைசிப் புதன்கிழமை. லாரியின் பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை உடைந்துவிட்டது. நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். வழியே போன பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினேன்: இன்றைக்குத் தண்ணி இல்லை. அதற்குமேல் என் கையில் ஒன்றுமில்லை. ஜாக்கியைப் போட்டுக்கொண்டே மல்லிகாவை நினைத்தேன். ஒரு பட்டைக்கு ஒரு கல்யாணமா?

அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை கெங்கம்மா நடித்துக் காட்டினாள். இரண்டு தடவை.

தண்ணி வராது என்று தெரிந்ததும் மாதப்பன் நேராகப் பள்ளிக்கூட ஜன்னலுக்கு வந்தாராம்.

"மல்லிகா, வா. ஓடைக் கெணத்துக்குப் போலாம். வூட்ல ஒரு சொட்டு இல்ல."

ஓடைக் கிணறு மூன்று மைல். போய்வந்தால் சாயங்காலம்.

மல்லிகா எழுந்து நின்றாளாம். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. டீச்சர் வாயைத் திறப்பதற்குள், வேப்பமரத்தடியிலிருந்து கெங்கம்மா வந்துவிட்டாள். சுவரோரம் காலியாகக் கிடந்த பச்சைக் குடத்தை எடுத்தாள். மாதப்பன் கையில் திணித்தாள்.

"ஏனப்பா மாதப்பா, ஆளில்லாத குடம் செல்லாதுன்னு சட்டம் போட்டப்ப நீயும்தானே கை தூக்கின?"

"ஆமா, அதுக்கு?"

"அப்ப நீ ஆளு இல்லியா?"

ஹாலே சிரித்ததாம். ஹெட்மாஸ்டர் போர்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். முதுகு குலுங்கியதாம். மாதப்பனுக்கு முகம் கறுத்துப்போனது. ஆனால் குடத்தைக் கீழே வைக்கவில்லை. திரும்பினார். நடந்தார்.

ஒரு ஆண் பிள்ளை இடுப்பில் குடம் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? தோளில் வைத்துக்கொண்டாராம், மூட்டை மாதிரி. திரும்பி வரும்போது பாதித் தண்ணி சட்டையில். "சட்டையப் பிழிஞ்சா இன்னொரு குடம் வந்திருக்கும் டிரைவரு" என்றாள் கெங்கம்மா.

சிரித்தேன். அப்போது அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "உன் வூட்டுல யாருப்பா தண்ணி எடுக்கறது?"

வால்வைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு அது ஒழுகவில்லை.

மாசி வந்தது. விழாவும் வந்தது. இப்போது மேடைக்குத் திரும்பலாம். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேசியாகிவிட்டது. பரிசு கொடுக்க வேண்டும்.

ஓட்டப்பந்தயத்துக்கு சோப்பு டப்பா. பேச்சுப் போட்டிக்குப் பேனா. கடைசியாக ஹெட்மாஸ்டர் ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"மார்கழியிலிருந்து இன்றுவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவி, எட்டாம் வகுப்பு, மா. மல்லிகா. முழு ஆண்டுப் பரீட்சை எழுதத் தகுதி பெறுகிறார்."

விசில் அடித்தது கெங்கம்மா.

என் கையில் பரிசைக் கொடுத்தார்கள். வண்ணக் காகிதம் சுற்றிய பெரிய பொருள். காகிதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் வேறு எதற்கு அந்த வடிவம்?

எவர்சில்வர் குடம்.

மும்தாஜ் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "சார், பள்ளிக்கூடத்துக்கு வந்ததுக்குப் பரிசு குடமா?"

ஹெட்மாஸ்டர் வெள்ளை மனசு. "வூட்டுக்கு உபயோகமா இருக்கணும்னு சொன்னாங்கம்மா. வாத்தியாருங்க எல்லாரும் சேந்து வாங்கினது."

மல்லிகா மேடை ஏறினாள். குடத்தை வாங்கினாள். என்னைக் கும்பிட்டாள். கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தாள். தேடினாள். மூன்றாவது வரிசையில் மாதப்பன் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டையில். மேடையிலிருந்து இறங்கி நேராக அவரிடம் போனாள். குடத்தை அவர் மடியில் வைத்தாள்.

"இந்தாங்கப்பா. இது உங்களுக்கு. நான் படிக்கணும்."

மாதப்பன் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். ணங் என்றது.

"கனமாத்தான் வாங்கியிருக்காங்க" என்றார்.

அப்புறம்தான் ஊர் சிரித்தது. அவரும் சிரித்தார். புளியமரத்து ஆட்கள் சிரிப்பை மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஏனென்றால், பின்னால் இருந்த சரோஜாவும் தன் அப்பாவைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

இது முந்தின வெள்ளி.

இந்தத் திங்கட்கிழமை ஹாரன் அடித்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடச் சுவரோரம் வரிசை. முதலில் ஒரு எவர்சில்வர் குடம். பக்கத்தில் ஒரு மீசை. மாதப்பன். தண்ணி பிடித்தார். இடுப்பில் வைக்கத் தெரியவில்லை. கெங்கம்மா சொல்லிக் கொடுத்தாள். உள்ளே ஜன்னலில் இருபது முகம். ஒரு பிள்ளையும் போர்டைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை இரண்டு மீசை. நேற்று வெள்ளிக்கிழமை ஐந்து. ஆடுபுலியும் சுவரோரத்துக்கே வந்துவிட்டது. குடத்தைப் பார்த்தபடி ஆடுகிறார்கள். சட்டப்படி சரிதான்.

நேற்று மாதப்பன் குடத்தை நகர்த்தும்போது கவனித்தேன். புதுக் குடம். பளபளவென்று இருந்தது. கழுத்தோரம் மட்டும் மூன்று கீறல்.

"என்னாங்க இது? அதுக்குள்ள கோடு விழுந்திடுச்சு?"

"விழலீங்க. நான்தான் ஆணியில போட்டேன்."

"எதுக்குங்க?"

"நான் நின்ன நாளுங்க."

சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "கால் என்னா வலி வலிக்குது தெரியுங்களா டிரைவரு? இந்தப் புள்ளைங்க மூணு மாசம் எப்படி நின்னுதுங்க?"

"கல்யாணம்னு சொன்னீங்களே, சித்திரையில?"

"அக்காவுக்கு லெட்டர் போட்டுட்டேன். பென்னாகரத்துல ஒம்பதாவது சேக்கறன்." குடத்தின் கோட்டை விரலால் தடவினார். "இத்தன நாளு நின்னுட்டு, படிக்க வெக்காம விட்டா... நான் நின்னது வீணாப் போவாதுங்களா?"

மூன்று கோட்டுக்கே மனிதர் இப்படிப் பேசுகிறார். முப்பத்தொன்று போட்டவள் ஜன்னலில் உட்கார்ந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதுவரை எழுதி, அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வீட்டுக்காரியிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். ஒரு பிழையும் சொல்லவில்லை. உள்ளே போனாள். ஒரு காலிக் குடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

தெருக்குழாயில் நாலு பேர் நிற்கிறார்கள். ஐந்தாவது ஆள் நான்.